யாருக்குப் போட்டுப் பார்த்தார்கள்?

இன்றைய தெலங்கானாவில், அன்றைக்கு ஆந்திரத்தில் இருந்த கம்மம் மாவட்டத்தில் 2009ஆம் ஆண்டு பள்ளிச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போட்டார்கள். அதற்காக வாங்கிய ஒப்புதல் படிவங்களில் 9,543 படிவங்களைப் பிற்பாடு எடுத்துச் சரிபார்த்தார்கள். 1,948 படிவங்களில் கைநாட்டு இருந்தது. 2,763 படிவங்களில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நாடாளுமன்றத்தின் சுகாதாரத் துறை நிலைக்குழு 2013 ஆகஸ்டில் அளித்த 72ஆவது அறிக்கையில் இந்தக் கணக்கு இருக்கிறது.

நான் கணக்கு டீச்சர். திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் அரசு மகளிர் உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். அந்த 2,763 கையெழுத்துகளும் எப்படி விழுந்திருக்கும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சுற்றறிக்கை வியாழக்கிழமை வரும். திங்கட்கிழமைக்குள் எல்லாப் படிவமும் பூர்த்தியாகிப் போய்ச் சேர வேண்டும். விடுதிப் பிள்ளைகளின் தாய் தகப்பன் மலையில் இருப்பார்கள், அல்லது செங்கல் சூளையில். போன் போட்டால் கிடைக்க மாட்டார்கள். காப்பாளருக்கு மேலே ஓர் அதிகாரி, அவருக்கு மேலே இன்னொருவர். ‘உன் மாவட்டம் மட்டும் பாக்கி’ என்று மேலேயிருந்து ஒரு கேள்வி வந்தால் போதும், பேனா தானாக ஓடும். இதற்குக் கெட்ட எண்ணம் எதுவும் தேவையில்லை.

தலைமையாசிரியரின் பச்சை மைக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. மாற்றுச் சான்றிதழ், பஸ் பாஸ், உதவித்தொகை விண்ணப்பம், வங்கிக் கணக்குப் படிவம் என்று எல்லாவற்றிலும் அது வேண்டும். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினால்கூட, “நீங்களே போட்டுருங்க டீச்சர், எங்களுக்கு என்ன தெரியும்?” என்பார்கள். அவர்கள் வைத்த நம்பிக்கை அது. அந்த நம்பிக்கையை அரசாங்கம் தன் வசதிக்கு எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கம்மம் ஒரு சாட்சி.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 14 வயதுப் பெண் குழந்தைகளுக்குப் படிப்படியாக எச்.பி.வி. தடுப்பூசி போட 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாகத் தமிழ்நாடு அரசு 2025–26 நிதிநிலை அறிக்கையில் சொன்னது. 14 வயது என்றால் ஒன்பதாம் வகுப்பு. அதாவது, பள்ளிக்கூடத்தைத் தவிர்த்துவிட்டு இந்தத் திட்டம் நடக்காது.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தடுப்பூசி வேண்டும் என்பது என் கட்சி. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 1,20,000 பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வருகிறது, சுமார் 77,000 பேர் சாகிறார்கள். முற்றும் வரைக்கும் வெளியே சொல்லாமல், வெள்ளைபடுதல் என்று நினைத்துக் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் எங்கள் பக்கத்தில் எல்லாத் தெருவிலும் உண்டு. சுவீடனில் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பதினோரு ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. 17 வயதுக்கு முன்பே போட்டுக்கொண்டவர்களுக்கு இந்தப் புற்றுநோய் 88 சதவீதம் குறைவாக வந்திருந்தது. ஊசி வேலை செய்கிறது.

ஆனால் தடுப்பூசி விவாதம் நம் ஊரில் எப்போதும் இரண்டு கேள்விகளைப் போட்டுக் குழப்பிவிடுகிறது. ‘இந்த ஊசி பாதுகாப்பானதா?’ என்பது ஒன்று. ‘இதை ஒழுங்காகச் சோதித்தார்களா, கேட்டுப் போட்டார்களா?’ என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்று விடை இருப்பதால் இரண்டாவதைக் கேட்கவே கூடாது என்கிறது அதிகாரத் தரப்பு. இரண்டாவதற்கு ‘இல்லை’ என்று விடை வந்துவிட்டதால் முதலாவதற்கும் அதுவே விடை என்கிறது வாட்ஸ்அப் தரப்பு. கம்மத்தில் முதலாவதற்கு ஒரு விடை, இரண்டாவதற்கு வேறு விடை.

அங்கே நடந்தது இதுதான். அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சேர்ந்த ‘பாத்’ என்ற அமைப்பு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடும் ஆந்திர, குஜராத் அரசுகளோடும் சேர்ந்து ஒரு திட்டம் நடத்தியது. பணம் கேட்ஸ் அறக்கட்டளையுடையது. கம்மத்தில் 10 முதல் 14 வயது வரையிலான சுமார் 14,000 சிறுமிகளுக்கு ‘கார்டசில்’, குஜராத்தின் வதோதராவில் சுமார் 10,000 சிறுமிகளுக்கு ‘செர்வாரிக்ஸ்’. இரண்டும் ஏற்கனவே உரிமம் பெற்ற மருந்துகள். ஆகவே இதை மருத்துவப் பரிசோதனை என்று அழைக்கவில்லை, ‘செயல்விளக்கத் திட்டம்’ என்று அழைத்தார்கள். பரிசோதனை என்று ஒப்புக்கொண்டிருந்தால் காப்பீடு, பாதகமான விளைவுகளை உடனுக்குடன் பதிவு செய்வது, தனிக் கண்காணிப்பு எல்லாம் கட்டாயமாகியிருக்கும். பெயர் மாறியதும் பொறுப்பும் மாறிவிட்டது. இது பரிசோதனையேதான் என்று நிலைக்குழு பின்னால் அடித்துச் சொன்னது.

2010 மார்ச்சில் பெண்கள் அமைப்பினர் பத்ராசலம் பக்கம் போய் விடுதிகளிலும் வீடுகளிலும் விசாரித்தார்கள். திட்டத்தில் சேர்ந்த சிறுமிகளில் ஏழு பேர் இறந்திருந்தார்கள், ஆந்திரத்தில் ஐந்து, குஜராத்தில் இரண்டு. செய்தி பரவியது. ஏப்ரலில் மத்திய அரசு திட்டத்தை நிறுத்தியது, விசாரணைக் குழு அமைத்தது.

அந்த ஏழு மரணங்களைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை தயங்குகிறது. எல்லாம் என் வகுப்பில் உட்கார்ந்திருந்திருக்கக் கூடிய வயது. ஒரு சிறுமி குவாரியில் மூழ்கி இறந்தாள். ஒருத்தியைப் பாம்பு கடித்தது. இருவர் பூச்சிமருந்து குடித்திருந்தார்கள். ஒருத்திக்கு மலேரியா முற்றிவிட்டது. மீதி இருவரின் காரணம் அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை. ஒருத்திக்குக் காரணம் பிடிபடாத காய்ச்சல், இன்னொருத்திக்கு மூளையில் ரத்தக்கசிவு என்ற சந்தேகம். ஊசிதான் கொன்றது என்று சொல்லும்படியான ஒரு பொதுத் தன்மை இவற்றில் இல்லை என்றது விசாரணைக் குழு. எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஊசிக்கும் பாம்புக்கும் முடிச்சுப் போட்டு இன்றைக்கும் ‘ஏழு சிறுமிகளைக் கொன்ற தடுப்பூசி’ என்று செய்தி சுற்றிவிடுகிறவர்கள் அந்தப் பிள்ளைகளின் சாவைக் கேவலப்படுத்துகிறார்கள்.

ஆனால் அதோடு கதை முடியவில்லை. மரணங்களை ஆழமாக ஆராயாமலே, தடுப்பூசிக்குத் தொடர்பில்லை என்று தள்ளிவிட்டதாக நிலைக்குழு கண்டித்தது. ஒப்புதல் படிவங்களின் லட்சணத்தை முன்பே சொன்னேன். பழங்குடிப் பிள்ளைகளையும் விடுதிப் பிள்ளைகளையும் தேடிப்பிடித்துத் தேர்ந்தெடுத்தது ஏன் என்ற கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. கேள்வி கேட்ட பெண்களுக்குத் ‘தடுப்பூசி எதிரிகள்’ என்ற பட்டம் கிடைத்தது. அவர்கள் கேட்டது படிவத்தைப் பற்றி. அதற்குப் பதில் சொல்லியிருந்தால், அடுத்த பன்னிரண்டு பதிமூன்று ஆண்டுகள் இந்த நாடு எச்.பி.வி. என்ற பெயரை எடுக்கவே பயந்துகொண்டு இருந்திருக்காது. டெல்லி, பஞ்சாப், சிக்கிம் போன்ற சில மாநிலங்கள் தாமாகத் தொடங்கியதோடு சரி.

இனி எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்தவரை இதை எந்த அரசு விளம்பரமும் சொல்வதில்லை.

ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் அம்பிளிக்கை. அங்கே கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையோடு சேர்ந்த சமுதாய நல மையம் ஒன்று உண்டு. 2000க்குப் பிறகு திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் செவிலியர்கள் வந்து, வினிகரில் இருக்கும் அமிலத்தை வைத்துக் கருப்பைவாயைச் சோதித்தது எங்கள் வயதுப் பெண்களுக்கு நினைவிருக்கும். வெட்கப்பட்டுக்கொண்டே போனவர்களும் உண்டு, போகாமல் ஒளிந்துகொண்டவர்களும் உண்டு. சுமார் 49,000 பெண்களை அழைத்து ஒரே ஒரு முறை செய்த அந்தச் சோதனையால், கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. உலகம் முழுக்க ஏழை நாடுகளில் இந்த எளிய முறையை எடுத்துக்கொள்ள அந்த முடிவு உதவியது. இதை நடத்தியது பிரான்சின் லியோன் நகரில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை. உள்ளூர்க் களம் அம்பிளிக்கை.

அதே முகமைதான் 2009 செப்டம்பரில் இன்னொரு ஆய்வைத் தொடங்கியது. அது கம்மம் திட்டத்திலிருந்து முற்றிலும் வேறு. எச்.பி.வி. ஊசியை மூன்று தவணை போட வேண்டுமா, இரண்டே போதுமா என்பது கேள்வி. 10 முதல் 18 வயது வரையிலான 20,000 பெண்களைச் சேர்ப்பதாகத் திட்டம். மும்பை, புனே, பார்ஷி, அகமதாபாத், ஹைதராபாத், டெல்லி, மிசோரம் என்று பல களங்கள். அவற்றில் அம்பிளிக்கையும் ஒன்று. 17,729 பேருக்கு முதல் ஊசி போட்டாயிற்று. அந்த நேரத்தில்தான் கம்மம் வெடித்தது. 2010 ஏப்ரலில் எல்லா எச்.பி.வி. ஆய்வுகளிலும் ஊசியை நிறுத்தச் சொன்னது அரசு. பாதி வழியில் நின்ற ஆய்வில் 4,950 பெண்கள் ஒரே ஒரு ஊசியோடு நின்றுவிட்டார்கள்.

ஆராய்ச்சியாளர்கள் கடையைக் கட்டிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. அந்தப் பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனவர்களையும் தேடிப்போய்ப் பார்த்தார்கள். பத்து ஆண்டு கழித்துப் பார்த்தால், ஒரே தவணை போட்டவர்களுக்கும் நீடித்த தொற்றிலிருந்து சுமார் 95 சதவீதப் பாதுகாப்பு இருந்தது. மூன்று தவணை போட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். 2021இல் ‘லான்செட் ஆன்காலஜி’ இதைப் பிரசுரித்தது. கணக்கு டீச்சராக ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அந்த 4,950 பேர் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்ல, தற்செயலாக அப்படி நின்றவர்கள். ஆகவே இது ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. கென்யாவில் முறையாகக் குலுக்கிப் பிரித்து நடத்திய ஆய்வும் 2022இல் ஒரு தவணை போதும் என்ற பக்கமே நின்றது. அந்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் ஒரே தவணையை ஏற்றுக்கொண்டது. உலகத்தில் இன்றைக்குப் பல நாடுகள் ஒரே ஊசியோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று துணிந்ததற்குப் பின்னால், பாதியில் கைவிடப்பட்ட ஓர் இந்திய ஆய்வும் அதில் எங்கள் அம்பிளிக்கைப் பக்கத்துப் பெண்களும் இருக்கிறார்கள்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது என் பள்ளி வாசலில் பெற்றோர் கூடிவிட்டார்கள். ஒன்பது மாதத்திலிருந்து 15 வயது வரை எல்லாருக்கும் ஊசி. வாட்ஸ்அப்பில் எதை எதையோ அனுப்பியிருந்தார்கள். வெளிநாட்டில் தடை செய்த மருந்து, பிள்ளை பிறக்காது, இன்னும் என்னென்னவோ. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒருவர் முன்னால் வந்து மருத்துவரிடம் கேட்டார்: “இத முன்னாடி யாருக்குப் போட்டுப் பாத்தாங்க சார்?”

மருத்துவர் நல்ல மனிதர், இளைஞர். அன்றைக்கு அது அவர் போன நாலாவது பள்ளி. “இது கவர்மென்ட் திட்டம்ங்க, பயப்படாதீங்க” என்றார். மூட்டை தூக்குகிறவர் மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த மனிதரை அறியாமைக்காரர் என்று அன்றைக்கு ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. மருத்துவப் பரிசோதனை என்று ஒரு விஞ்ஞானம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் பிறந்திருக்கிறது. முதலில் சில பத்துப் பேர், பிறகு சில நூறு பேர், பிறகு ஆயிரக்கணக்கில். தட்டம்மை–ரூபெல்லாவுக்கு அந்தப் பதில் கைவசம் இருந்தது. எத்தனையோ நாடுகள், எத்தனையோ பத்தாண்டுகள். இரண்டு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம்.

இப்போது ஒரு மருத்துவக் கல்லூரியின் நெறிமுறைக் குழுவில் எனக்கு ஓர் இடம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, மனிதர்கள் மேல் எந்த மருந்தைச் சோதிப்பதென்றாலும் ஏழு பேராவது உள்ள குழு அனுமதிக்க வேண்டும், அதில் ஒருவர் துறை சாராத சாமானியராக இருக்க வேண்டும். அந்தச் சாமானியர் நான். மற்றவர்கள் மூலக்கூறைப் பற்றிப் பேசும்போது நான் படிவத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்ப்பேன். ‘ஏதாவது தொந்தரவு என்றால் அழைக்க வேண்டிய எண்’ என்று அங்கே ஒன்று இருக்கும். ஒருமுறை ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டிலிருந்து அந்த எண்ணை அழைத்துப் பார்த்தேன். அலுவலகத் தொலைபேசி, மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த கூட்டத்தில் அதைச் சொன்னபோது ஆய்வாளர் முகம் சுளித்தார், ஆனால் கைபேசி எண்ணாக மாற்றிக் கொண்டுவந்தார். காய்ச்சல் அலுவலக நேரம் பார்த்து வருவதில்லை என்பதை யாராவது ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த அறையில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்ட ஒரு கணக்கை இங்கே எழுதுகிறேன். 3,000 பேருக்கு ஊசி போட்டு ஒருவருக்குக்கூட ஒரு குறிப்பிட்ட ஆபத்து வரவில்லை என்றால், அந்த ஆபத்தே இல்லை என்று பொருளாகாது. ஆயிரத்தில் ஒருவருக்கு வரக்கூடியதாகக்கூட அது இருக்கலாம், நம் மூவாயிரத்தில் மாட்டாமல் தப்பியிருக்கலாம். லட்சத்தில் ஒருவருக்கு வருவது பரிசோதனையில் தெரியவே தெரியாது, ஊருக்கே போட்ட பிறகுதான் தெரியும். அமெரிக்காவில் குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு எதிரான ‘ரோட்டாஷீல்டு’ ஊட்டுமருந்துக்கு 1998இல் அனுமதி கிடைத்தது. பத்தாயிரத்தில் ஒரு குழந்தைக்குக் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்வது தெரியவந்து, 1999இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். அங்கே அடுத்து வந்த ரோட்டா மருந்துகள் ஒவ்வொன்றையும் 60,000க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்த பிறகே விட்டார்கள். ஒரு மருந்தைத் திரும்பப் பெற்றதால் அங்கே தடுப்பூசி மேல் நம்பிக்கை அழிந்துவிடவில்லை.

எச்.பி.வி. ஊசியின் பரிசோதனைகள் மீதும் ஒரு நியாயமான விமர்சனம் உண்டு. ஒப்பீட்டுக் குழுவுக்கு வெறும் உப்புநீர் போடாமல், பெரும்பாலான கார்டசில் ஆய்வுகளில் அலுமினிய உப்பு கலந்த திரவத்தைப் போட்டார்கள். அந்த உப்பு தடுப்பூசியிலும் இருக்கிறது. அதனால் அதன் விளைவு இரண்டு பக்கமும் சமமாகி மறைந்துவிடாதா என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதன் பிறகு பல நாடுகளில் லட்சக்கணக்கான பெண்களைப் போட்டவர், போடாதவர் என்று ஒப்பிட்டுப் பார்த்து, பெரிய வேறுபாடு இல்லை என்று கண்டார்கள். பிள்ளைப்பேறு பாதிக்கப்படும் என்ற பயத்துக்கும் பெரிய ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. கேள்வியையும் சொல்லி, அதற்குக் கிடைத்த பதிலையும் சொன்னால் ஒன்பதாம் வகுப்பு மாணவிக்குக்கூடப் புரியும். கேள்வியே எழவில்லை என்பதுபோல நடந்துகொண்டால், அதை வேறு யாரோ வேறு குரலில் அவளிடம் சொல்வார்கள்.

கோவிட் காலத்தில் என்ன ஆயிற்று? 2021 ஜனவரி 3ஆம் தேதி கோவேக்சினுக்கு அனுமதி தந்தார்கள். மூன்றாம் கட்டப் பரிசோதனையின் முடிவு அப்போது வந்திருக்கவில்லை. ‘மருத்துவப் பரிசோதனை நிலையில்’ பயன்படுத்தலாம் என்று ஒரு புது ஏற்பாடு. பிற்பாடு 77.8 சதவீதம் திறன் என்று முடிவு வந்தது, நல்ல முடிவு. ஆனால் பரீட்சையில் விடை சரியாக வந்தும் நடுவில் செய்முறை இல்லாத பிள்ளைக்கு நான் ஸ்டெப் மார்க் போட்டதில்லை. முன்களப் பணியாளர்களே “எனக்கு அந்த ஊசி வேண்டாம், இந்த ஊசி போடு” என்று சொன்னதைப் பார்த்தோம்.

நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று கேமராக்கள் முன்னால் ஊசி போட்டுக்கொண்டு எல்லாரையும் போட்டுக்கொள்ளச் சொன்னார், 17ஆம் தேதி இறந்தார். அவர் சாவுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று தேசிய நிபுணர் குழுவின் முடிவு வெளிவந்தது அக்டோபரில். ஆறு மாதம். இரண்டாம் அலை வந்து, ஆயிரக்கணக்கானோரை அடித்துக்கொண்டு போய், ஓய்ந்தும்விட்டது. முடிவு என்னவோ சரி. ஆறு மாதம் கழித்து அதைப் படித்தவர் எத்தனை பேர்? என் அண்டை வீட்டு அக்கா இன்றைக்கும் படிக்கவில்லை. தடுப்பூசிக்குப் பின் ஏற்படும் பாதிப்புகளைப் பொதுமக்களே தெரிவிக்கவும் எல்லாரும் பார்க்கவும் வசதி செய்ய வேண்டும், யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் ஜேக்கப் புலியேல் வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த வசதியை என் தெருவில் ஒருவர் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை.

ஆகவே இந்த எச்.பி.வி. திட்டம் என் பழைய பள்ளிக்கு வரும்போது நான் எதிர்பார்ப்பவற்றைச் சொல்கிறேன். படிவத்தில் கையெழுத்து அம்மாவோ அப்பாவோ போடட்டும், தலைமையாசிரியர் போடக் கூடாது. விடுதியில் இருக்கும் பிள்ளைகளுக்கு அவர்கள் பெற்றோர் விடுமுறைக்கு அழைத்துப்போக வரும் நாளில் படிவத்தைக் கொடுங்கள், இரண்டு வாரம் தாமதமானால் குடி முழுகிவிடாது. அந்தப் பெண்ணையும் கேளுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறைப்படி, ஆராய்ச்சி என்றால் ஏழு வயதுக் குழந்தையிடமே அதன் சம்மதத்தைக் கேட்க வேண்டும். இது ஆராய்ச்சி இல்லைதான், ஆனால் அவளுக்கு 14 வயது. படிவத்தின் பின்பக்கத்தில், இந்த ஊசியை யாருக்குப் போட்டுப் பார்த்தார்கள் என்று பத்து வரி எழுதுங்கள். அதில் கம்மமும் இருக்கட்டும், அம்பிளிக்கையும் இருக்கட்டும். கம்மத்தை மறைத்துவிட்டு அம்பிளிக்கையைச் சொல்ல முடியாது, ஏனென்றால் கம்மம் இல்லாமல் அந்த 4,950 பேர் இல்லை. ஊசி போட்ட பிறகு எந்தப் பிள்ளைக்கு எது வந்தாலும், தொடர்பு உண்டோ இல்லையோ, விசாரணை முடிவை ஒரு மாதத்துக்குள் அதே பள்ளியில் பெற்றோரைக் கூட்டிச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. பரிசோதனையில் பங்கேற்றவருக்கு மருந்தால் தீங்கு நேர்ந்தால் நடத்துகிறவர் நஷ்டஈடு தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அரசுத் திட்டத்தில் போட்டுக்கொண்டவருக்கு அந்த விதி பொருந்தாது. பிரிட்டன் 1979லும் அமெரிக்கா 1986லும் இதற்கென்றே சட்டம் இயற்றின. ஊசி பாதுகாப்பானது என்று நாம் உண்மையிலேயே நம்பினால், லட்சத்தில் ஒருவருக்குத் தர வேண்டிய பணத்தைக் கண்டு ஏன் தயங்க வேண்டும்?

“வயசுப் பொண்ணுக்கு இதெல்லாம் எதுக்கு டீச்சர்?” என்று அம்மாக்கள் கேட்பார்கள். எச்.பி.வி. எப்படித் தொற்றும் வைரஸ் என்பதை அவர்களிடம் ஒளிக்காதீர்கள். தொற்று வருவதற்கு முன்னால் போட்டால்தான் முழுப் பலன், அதனால்தான் இந்த வயது என்று சொன்னால் போதும். அம்மாக்களுக்கு உலகம் தெரியும். ஊசி போட்டாயிற்று என்பதற்காக முப்பது வயதுக்கு மேல் சோதனைக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். அந்த அம்மாக்களே இன்னும் போயிருக்க மாட்டார்கள்.

கடைசியாக, தலைமையாசிரியைகளுக்கு மட்டும். கொலம்பியாவில் எல் கார்மென் தே பொலிவார் என்ற ஊரில் 2014இல் இந்த ஊசிக்குப் பிறகு நூற்றுக்கணக்கான மாணவிகள் அடுத்தடுத்து மயங்கி விழுந்தார்கள். காரணம் பயம், ஒருத்தியைப் பார்த்து இன்னொருத்தி. ஆனால் அந்தக் காணொளிகள் நாடு முழுக்கப் போய், தடுப்பூசித் திட்டமே படுத்துவிட்டது. காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் ஒருத்தி விழுந்தால் பின்னாலேயே மூன்று பேர் விழுவதைப் பார்த்த நமக்கு இது புதிதில்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்புப் பெண் காலையில் வெறும் வயிற்றோடுதான் பஸ் ஏறி வருகிறாள். மருத்துவக் குழு ஒன்பதரை மணிக்கே வந்து நின்றாலும், “கொஞ்சம் இருங்க டாக்டர்” என்று உட்கார வையுங்கள். மதிய உணவு முடியட்டும். வரிசையில் நிற்க வைக்காதீர்கள், ஒருத்திக்குப் போடுவது மற்றவளுக்குத் தெரியாதபடி மறைப்பு வையுங்கள், போட்ட பிறகு பெஞ்சில் கால் மணி நேரம் உட்கார வைத்து, பக்கத்தில் அவளுக்குப் பிடித்த டீச்சர் ஒருவரை நிறுத்துங்கள்.